வாக்கு ஒரு சாட்சியம்: மிச்சிகன் பிரைமரியில் நாம் கண்டவை



அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஊரிலுள்ள உறவினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஒரே கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் எதிர்த்துப் போட்டியிடுகிறார்களாமே, அது என்ன கூத்து?" என்பர். அவர்கள் வியப்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். தொண்டர் அதை ஏற்பார். அல்லது முணுமுணுத்துக்கொண்டே ஏற்பார். இங்கே அந்த முடிவு பெரும்பாலும் பொதுமக்களின் கையில் இருக்கிறது. நவம்பரில் நடைபெறும் பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னதாக, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு நாள், கட்சியின் சார்பில் யாரை நிறுத்தலாம் என்று மக்கள் வாக்களிக்கின்றனர். இதனைப் பிரைமரி என்கின்றனர். உட்கட்சித் தேர்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நாம் வாழும் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டியதில்லை. வாக்குச்சாவடியில் ஒரு படிவத்தில், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் போதும். எந்தச் சீட்டைக் கேட்டோம் என்பது பொதுப் பதிவில் இடம்பெறும். சீட்டில் யாருக்குக் குறியிட்டோம் என்பது இரகசியம். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், 15 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குப் பெற்றவர்களுக்கு, பெற்ற அளவுக்கேற்பப் பிரதிநிதிகள் பங்கிடப்படுகின்றனர். அப்பிரதிநிதிகள் கட்சி மாநாட்டில் கூடி வேட்பாளரை உறுதி செய்கின்றனர். ஆகவே இரண்டாமிடம் பெற்றவரின் வாக்குகளும் வீணாவதில்லை.

பொதுத் தேர்தலில் இரண்டே வாயில்கள்தாம் நமக்கு முன் இருக்கும். எது குறைந்த தீங்கு என்று பார்த்து நுழைகிறோம். பிரைமரியிலோ, "இவரே எனக்குச் சரியானவராகத் தோன்றுகிறார்" என்று ஒருவர் தம் உள்ளத்திலிருப்பதைச் சொல்ல முடியும். அதே நேரத்தில், நாம் எதிர்த்து வாதிடும் மனிதர் அயலார் அல்லர். பல வேளைகளில் அவர் நம் மச்சானாகவே இருப்பார். இந்த இரண்டும் சேர்ந்துதான் பிரைமரியில் ஒருவரை ஆதரிப்பதை ஒரு மார்க்கப் பிரச்சினையாக நமக்கு ஆக்கின.

வாக்களிப்பதே கூடுமா என்ற பழைய விவாதத்திற்குள் நாம் இங்கு நுழையப் போவதில்லை. அறிஞர்கள் பலர் அதுபற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். அவர்களுள் மஆரிஃபுல் குர்ஆன் விரிவுரையின் ஆசிரியரான முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்களின் கருத்து நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஒரு வாக்கில் மூன்று தன்மைகள் இருக்கின்றன என்றார் அவர். வாக்களிப்பவர், இன்னார் தகுதியானவர் என்று சாட்சி சொல்கிறார். இன்னாருக்கு இப்பொறுப்பைக் கொடுங்கள் என்று பரிந்துரைக்கிறார். தம் சார்பில் செயல்படுமாறு அவரை வக்கீலாக்குகிறார். சாட்சியம், பரிந்துரை, வகாலத் ஆகிய மூன்றுக்கும் மறுமையில் விசாரணை உண்டு. நீதிக்காகச் சாட்சி சொல்லும்போது அது நமக்கோ நம் பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் பிறழாதிருக்குமாறு சூரத்துன் நிஸாவில் கட்டளையிடப்பட்டிருப்பதை நம் மதரஸாவின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் அறிவர். வாக்கு சாட்சியமாயின், அந்தக் கட்டளை வாக்குச்சாவடியின் வாசலிலேயே நின்றுவிடாது.

ஸீரத் பாடத்தில் ஹபஷா ஹிஜ்ரத்தைக் கற்பிக்கும்போது நாம் சற்று நேரம் கூடுதலாகவே நிற்கும் ஓர் இடம் உண்டு. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி அது. முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்திருந்த மன்னர் நஜ்ஜாஷிக்கு எதிராக, அந்நாட்டவர் ஒருவர் ஆட்சியைக் கைப்பற்றக் கிளம்பினார். அன்று முஹாஜிர்கள் அடைந்த துயரத்திற்கு அளவில்லை. நஜ்ஜாஷி அறிந்திருந்த தங்கள் உரிமையை, புதிதாய் வருபவர் அறிந்திருப்பாரோ மாட்டாரோ என்பதே அவர்களின் அச்சம். அவர்களுக்கும் போர்க்களத்துக்கும் நடுவே நைல் நதி ஓடிற்று. அவர்களுள் வயதில் இளையவரான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள், காற்று நிரப்பிய தோல்பையொன்றை மார்பில் அணைத்துக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்து, களத்தில் நடந்ததை நேரில் கண்டு வந்தார்கள். மற்றவர்கள் நஜ்ஜாஷியின் வெற்றிக்காகத் துஆச் செய்துகொண்டிருந்தனர்.

அது வாக்குப்பெட்டி இல்லாத காலம். எனினும், அயல்நாடொன்றில் சிறுபான்மையினராய் வாழ்ந்தவர்கள், அந்நாட்டவர் இருவருள் ஒருவரை விரும்பி ஆதரித்த நிகழ்ச்சியாகவே நாம் இதனைப் படிக்கிறோம். அவர்கள் நஜ்ஜாஷியை விரும்பியது குலத்தாலோ மொழியாலோ அன்று. அவர் தங்கள் உரிமையை அறிந்தவர் என்பதால். வதந்தியைக் கேட்டுக்கொண்டு அவர்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. பார்த்து வர ஓர் ஆளை அனுப்பினர். பிள்ளைகளுக்கு அந்தத் தோல்பைதான் மிகவும் பிடிக்கும். நமக்கோ, அவர் ஏன் நீந்தினார் என்பதே பிடிக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாராந்திர மதரஸாவில் கற்பித்து வருகிறோம். நம்மிடம் ஓதும் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் வாப்பாமார் மோட்டார் வாகன நிறுவனங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழ்நாட்டுக்காரர்கள். குடியுரிமை பெற்றபின் நாம் சந்தித்த முதல் பிரைமரி 2016-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று நடந்தது.

அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 2015 டிசம்பர் 7 அன்று, குடியரசுக் கட்சியின் பிரைமரியில் போட்டியிட்டுக்கொண்டிருந்த டொனால்ட் டிரம்ப், முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முற்றாக நிறுத்த வேண்டுமென்று அறிவித்தார். அந்த வாரம் நம் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று, ஊருக்கு விடுமுறைக்குப் போனால் திரும்பி வர விடுவார்களா என்று கேட்டது. அறிவிப்பைப் பெரியவர்கள் செய்தியாகப் படித்தோம். பிள்ளை அதைத் தன் பயணப் பெட்டியோடு சேர்த்துப் புரிந்துகொண்டது.

அக்கால கட்டத்தில்தான் வெர்மான்ட் மாநில செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் நம் கவனத்தை ஈர்த்தார். 2015 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் முஸ்லிம் மாணவி ஒருவர் இஸ்லாமிய வெறுப்பைப் பற்றிக் கேட்க எழுந்தபோது, அவரை மேடைக்கே அழைத்துப் பேசச் செய்தார் சாண்டர்ஸ். பின்னர், போலந்திலிருந்து வந்த தம் தந்தையின் குடும்பத்தார் நாஜிகளின் வதைமுகாம்களில் மடிந்ததை நினைவுகூர்ந்து, இனவெறியைத் துடைத்தெறிய முயல்வேன் என்றார். அவர் யூதர். அமெரிக்காவிலேயே அரபு முஸ்லிம்கள் செறிந்து வாழும் டியர்பார்ன் நகரம் ஒரு யூத வேட்பாளரை ஆதரித்ததைக் கண்டு, தொலைக்காட்சிகள் அதனை ஏதோ விந்தைபோல் பேசின. நமக்கு அது விந்தையாகப் படவில்லை. தம் உரிமையை அறிந்தவரை அவர்கள் ஆதரித்தனர், அவ்வளவே.

கருத்துக் கணிப்புகள் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 20 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் கூறியிருந்தன. முடிவு வந்தபோது மிச்சிகனில் சாண்டர்ஸ் சுமார் ஒன்றரை விழுக்காடு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். பிரதிநிதிகள் 67க்கு 63 என்று பிரிந்தனர். இத்தனை ஆரவாரத்திற்கும் பின் கிடைத்த கூடுதல் நால்வரே. நாடு முழுவதும் கூட்டிப் பார்க்கையில் கிளின்டனே வேட்பாளரானார். நவம்பரில் அவர் மிச்சிகனை 10,704 வாக்குகளில் டிரம்ப்பிடம் இழந்தார். "என் ஆள் இல்லையென்றால் எனக்கு வாக்கும் இல்லை" என்று வீட்டிலிருந்துவிட்ட இளைஞர்கள் சிலரை நாம் அறிவோம். அந்த எண்ணை அவர்கள் இன்றும் சரியாகச் சொல்வர்.

2020-இல் சாண்டர்ஸ் மீண்டும் போட்டியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஹூஸ்டனில் நடந்த இஸ்னா மாநாட்டின் மேடைக்கு, அத்தனை வேட்பாளர்களுள் அவரும் ஜூலியன் காஸ்ட்ரோவும் மட்டுமே வந்து உரையாற்றினர். அவருடைய பரப்புரையின் தலைமை நிர்வாகி ஃபைஸ் ஷாகிர் ஒரு முஸ்லிம். நம் பகுதியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ரஷீதா தலைபும் அவரை ஆதரித்தார். நாம் இம்முறை வாக்களிப்பதோடு நிற்காமல், சனிக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று அவருக்காக வாக்குக் கேட்பதென்று முடிவு செய்தோம்.

அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, சாட்சி சொல்பவர் என்ற நிலையில் இவரைப் பற்றி நாம் அறிந்தவை எவை என்று எழுதிப் பார்த்தோம். 2002-இல் ஈராக் போருக்கான தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். ஜோ பைடனும் ஹிலாரி கிளின்டனும் செனட்டில் அதனை ஆதரித்தனர். 2001-இல் பேட்ரியாட் சட்டத்தையும் எதிர்த்தார். இவ்வளவும் எழுதுவதற்கு இனிமையாக இருந்தது. ஆனால், அதே 2001 செப்டம்பரில் ஆப்கானிஸ்தான் போருக்கு வழிவகுத்த தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. ஆதரித்த 420 பேருள் சாண்டர்ஸும் ஒருவர். 2005-இல் துப்பாக்கி உற்பத்தியாளர்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டத்திற்கும் அவர் ஆதரவாக வாக்களித்திருந்தார். இவற்றையும் அதே தாளில் எழுதினோம். துணைவியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோய் வாசலில் நின்று படித்தால் யார் வாக்குப் போடுவார்?" என்றார். படிக்க வேண்டியதில்லைதான். ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாதல்லவா? கேட்டவர்களும் இருந்தனர். ஆப்கானியச் சகோதரர் ஒருவர் நேராக அந்த 2001-ஆம் ஆண்டு வாக்கைப் பற்றியே கேட்டார். "ஆம், ஆதரித்தே வாக்களித்தார்" என்றோம். அவர் நம்மைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மற்றவற்றைச் சொல்லுமாறு கேட்டார்.

மதரஸாவின் விஷயம் வேறு. 1954-ஆம் ஆண்டில், அன்று செனட்டராயிருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் ஒன்று இந்நாட்டின் வரிச் சட்டத்தில் இருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்களும் வழிபாட்டுத் தலங்களும் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ செயல்படக் கூடாது என்கிறது அது. வாக்காளர் பதிவு செய்யுமாறு அறிவிக்கலாம். தேர்தல் நாளை நினைவூட்டலாம். இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று மிம்பரிலிருந்து சொல்வதற்கில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் வகுப்பில் சொல்லமாட்டோம். பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புவது தஜ்வீதும் ஃபிக்ஹும் கற்பதற்கே. அந்த ஒரு மணி நேரம் அவர்கள் நம்மிடம் தந்த அமானிதம்.

பிள்ளைகள் விடுவதில்லை. பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், "உஸ்தாத், நீங்க யாருக்குப் போடுவீங்க? எங்க வாப்பா பைடனுக்காம்" என்றான். வகுப்பு முழுதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. நம் பதிலைக் கேட்டு அவன் வீட்டுக்குப் போய், "உஸ்தாத் வேற ஆளாம்" என்று வாப்பாவிடம் சொல்லியிருப்பான். தந்தையின் சொல்லுக்கும் ஆசிரியரின் சொல்லுக்கும் நடுவே ஒரு பிள்ளையை நிறுத்துவதைவிடப் பெரிய அநியாயம் மதரஸாவில் இல்லை. "உங்க வாப்பா ஏன் அப்படி நினைக்கிறாங்கன்னு கேட்டு வந்து சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்றோம். அடுத்த வாரம் அவன் இரண்டு காரணங்களோடு வந்தான். இரண்டும் நல்ல காரணங்களே.

நம் காரின் பின்புறத்தில் சாண்டர்ஸ் பெயர் பொறித்த காந்தப் பட்டையொன்றை ஒட்டியிருந்தோம். மதரஸா நாளில் அதைக் கழற்றி இருக்கையின் அடியில் வைத்துவிடுவோம். தனிமனிதர் தம் காரில் ஒட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்று நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும். பிள்ளைகள் இறங்கும் வாசலுக்கு எதிரேதான் நம் கார் நிற்கும்.

நம் மச்சான், அதாவது துணைவியாரின் அண்ணன், அந்த ஆண்டு பைடனை ஆதரித்தார். ஆதரித்ததோடு நில்லாமல், நம்மைப் போலவே வீடு வீடாகச் சென்றார். ஒரே தெருவின் இரு முனைகளிலிருந்து இருவரும் கதவு தட்டிக்கொண்டு நடுவில் சந்தித்த நாளும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவர் வீட்டில் பகல் உணவு, உணவோடு விவாதம். அவருடைய வாதம் எளியது. "மச்சான், உங்க ஆள் நல்லவர்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நவம்பர்ல டிரம்ப்பைத் தோற்கடிக்கணும். அதை யாரால செய்ய முடியுமோ அவர்தான் என் ஆள்." இது சாட்சியமாகாது, சூதாட்டக் கணக்கு என்று நாம் சொல்லி வந்தோம். உள்ளத்தில் இருப்பதைச் சொல்லத்தானே பிரைமரி?

அந்த வாதத்தை வேறு கோணத்தில் காணச் செய்தவர், நம் பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழும் ஏமன் நாட்டுச் சகோதரர் ஒருவர். அவர் அமெரிக்கக் குடிமகன். அவருடைய மனைவியும் இளைய மகளும் கெய்ரோவில் காத்திருந்தனர். 2017-இல் பிறப்பிக்கப்பட்ட பயணத் தடையில் ஏமனும் அடங்கியிருந்தது. 2018 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதனைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அவருடைய வாசலுக்கு நாம் சென்று நின்றபோது, தேநீர் தந்து, முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்பவர் பைடனைவிட நல்லவர் என்பது எனக்கும் தெரியும். என் மகளுக்கு நான் போகும்போது நான்கு வயது. இப்போது ஏழு. எவர் வெல்வார் என்பதைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை."

இதற்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. இரு தீங்குகளுள் இலேசானதை ஏற்று, கடுமையானதைத் தடுப்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதை நாமே கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறோம். ஒருவர் தகுதியானவரா என்பது பற்றிய சாட்சியம் ஒன்று. அவரால் நிறைவேறக்கூடிய காரியம் பற்றிய சாட்சியம் மற்றொன்று. அந்தச் சகோதரர் சொன்னதும், மச்சான் சொன்னதும் இரண்டாவது வகை. அதைச் சூதாட்டக் கணக்கு என்று அதன்பின் நாம் சொல்லவில்லை. நம் வாக்கை மாற்றிக்கொள்ளவும் இல்லை. சாண்டர்ஸாலும் டிரம்ப்பை வெல்ல முடியும் என்றே நாம் உண்மையாகக் கருதினோம். 2016-இல் கணிப்புகள் மிச்சிகனில் எப்படிப் பொய்த்தன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அல்லவா?

இடையில் வாட்ஸ்அப். வேட்பாளர்களை ஆதரிப்போரின் ஒழுக்கம் அங்கேதான் அளக்கப்படுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. எதிரணி வேட்பாளர் முஸ்லிம்களைப் பற்றி இழிவாகப் பேசியதாக, அவருடைய படத்தின் கீழ் ஒரு வாசகம் அச்சிட்ட பதிவு நம் பெற்றோர் குழுவில் வந்தது. நம் அணிக்கு அது கொழுத்த வேட்டை. எங்கே, எப்போது பேசினார் என்று அனுப்பியவரிடம் கேட்டோம். அவருக்கு வேறொருவர் அனுப்பியிருந்தார், அவருக்கு இன்னொருவர். இரண்டு நாள் தேடியும் அப்படியொரு பேச்சு எங்கும் கிடைக்கவில்லை. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் ஓதுகிறோம். நம் ஆளுக்குச் சாதகமான செய்திக்கு விதிவிலக்கு எதுவும் அங்கே இல்லை. அனுப்பிய சகோதரர் பதிவை நீக்கியதோடு, "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று தாமே எழுதினார். அவர் சாண்டர்ஸின் தீவிர ஆதரவாளர். அப்படி எழுதுவது அவருக்கு எளிதாக இருந்திராது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் காரணம் ஏதும் காட்டாமலே எவரும் தபால் வாக்கு அளிக்கலாம். பலர் பிப்ரவரியிலேயே வாக்குச்சீட்டை அனுப்பிவிட்டனர். மார்ச் முதல் வாரத்தில், பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபுச்சார், மைக்கேல் புளூம்பெர்க், எலிசபெத் வாரன் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக விலகினர். வாரனுக்கு வாக்களித்து அனுப்பியிருந்த ஒரு தாயார் கலங்கிப்போய், தம் வாக்கு என்னாகும் என்று கேட்டார். நகராட்சி கிளார்க் அலுவலகத்துக்குச் சென்று, எழுத்து மூலம் வேண்டி, பழைய சீட்டை இரத்துச் செய்துவிட்டுப் புதிய சீட்டு வாங்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. அவர் கெடுவுக்குள் சென்று மாற்றிவிட்டார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை. தீர்ப்புக்கு முன் சாட்சி தம் சாட்சியத்தை மீளப்பெறலாம் என்ற ஃபிக்ஹ் பாடத்தை நாம் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறோம். அதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் வேறு கிடைத்ததில்லை.

மார்ச் 10 செவ்வாய்க்கிழமை. மாலையில் பள்ளிப் பணி முடிந்து துணைவியாரும் நாமும் வாக்களித்தோம். இரவு முடிவு வந்தது. பைடன் ஏறக்குறைய 53 விழுக்காடு, சாண்டர்ஸ் 36. அதே இரவில், மாநிலத்தின் முதல் இரண்டு கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்டதாக ஆளுநர் கிரெட்சன் விட்மர் அறிவித்தார். நம் வீட்டில் தோல்வியைப் பற்றிப் பேச்சு எழுவதற்குள் அந்தச் செய்தி எழுந்துவிட்டது. மச்சான் தொலைபேசியில் அழைத்தார். வெற்றியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "வீட்ல அரிசி, மருந்து எல்லாம் இருக்கா மச்சான்?" என்றுதான் கேட்டார். அம்மாதமே பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன; மதரஸா கணினித் திரைக்குள் சென்றது. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் போட்டியிலிருந்து விலகினார். ஐந்து நாட்களில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்.

ஆதரித்தவர் விலகியபின் என்ன செய்வது? இளைஞர்கள் சிலர், பைடனுக்கு வாக்களித்தால் சாண்டர்ஸுக்குத் துரோகம் என்றனர். வாக்கு பைஅத் அன்று என்று அவர்களிடம் கூறினோம். ஒரு மனிதரின் கையைப் பற்றி உறுதி கொடுக்கவில்லை நாம்; ஒரு கேள்விக்கு விடை சொன்னோம். நவம்பரில் கேட்கப்படுவது வேறு கேள்வி. அந்த ஜூலையில் முஸ்லிம் வாக்காளர்களிடம் பேசிய பைடன், பயணத் தடையை முதல் நாளே நீக்குவேன் என்று வாக்களித்திருந்தார். 2021 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றே நீக்கினார். இந்த ஒரு விஷயத்தில் மச்சானின் கணக்கே சரியாக அமைந்தது. இதை அவரிடமே சொன்னோம். ஏமன் சகோதரரின் மகள் டெட்ராய்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது.

கதை அங்கே நின்றிருந்தால் எழுதுவதற்கு இலகுவாக இருந்திருக்கும். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவிலிருந்து வந்த படங்களை நாம் இங்கே விவரிக்கத் தேவையில்லை. 2024 பிப்ரவரி 27 அன்று, ரமளானுக்கு இரண்டு வாரங்கள் முன், மீண்டும் பிரைமரி வந்தது. அதிபரே போட்டியிட்டதால் அவருக்கு வலுவான எதிராளி இல்லை. ஆயினும் மிச்சிகனின் வாக்குச்சீட்டில் 'உறுதியளிக்காதவர்' என்று பொருள்படும் 'அன்கமிட்டட்' என்ற கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்தில் குறியிட்டுப் போர் நிறுத்தம் கேளுங்கள் என்று ஓர் இயக்கம் எழுந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 13 விழுக்காட்டினர், அதில் குறியிட்டனர். பைடன் 81 விழுக்காட்டோடு வென்றார். மாநில அளவில் 15 விழுக்காட்டை எட்டாவிடினும், தொகுதிவாரிக் கணக்கில் அந்தக் கட்டத்துக்கு இரண்டு பிரதிநிதிகள் கிடைத்தனர். டியர்பார்னில் அதிபரைவிட அந்தக் கட்டத்துக்கே கூடுதல் வாக்குகள்.

நாமும் அதில்தான் குறியிட்டோம். பிரைமரியில் விரும்பி ஆதரிக்க ஒருவரும் இல்லாமல் வாக்களித்தது நமக்கு அதுவே முதல் முறை. சீட்டைப் பெட்டிக்குள் இடும்போது கை கனத்தது. நவம்பரில் என்ன செய்வது என்பதில் நம் ஜமாஅத் மூன்றாகப் பிரிந்தது. அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லையாதலால் இங்கே அதைக் கிளறவில்லை.

ஆனால் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020-இல் பைடனுக்காகத் தெருத்தெருவாய் நடந்த அவர், அந்தப் பிப்ரவரியில் அதே தெருக்களில் அந்த வெற்றுக் கட்டத்துக்காக நடந்தார். ஒரு வீட்டில், மனைவியை இழந்து தனியே வாழும் வெள்ளையர் முதியவர் கதவைத் திறந்து, இவரை அடையாளம் கண்டுகொண்டார். "நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே வாசலில் நின்று பைடனுக்காகக் கேட்டவர் நீங்கள்தானே? உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நான் அவருக்குப் போட்டேன்" என்றார் அவர். "ஆம், நான்தான். அன்று நான் அறிந்திருந்ததைச் சொன்னேன். இன்று அறிந்திருப்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றார் மச்சான். முதியவர் கதவை மூடவில்லை. வெளியே குளிராயிருக்கிறது என்று உள்ளே அழைத்து உட்காரவைத்து, அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தம் முடிவை அவர் சொல்லவில்லை. புறப்படும்போது, அடுத்த முறையும் வருமாறு மட்டும் கூறினாராம்.